எழும்பூருக்குக் கீழே ஓர் எழும்பூர்

வில்லியனூரிலோ பாகூரிலோ வயல் வைத்துப் பிழைக்கிற எவரையேனும் நிறுத்தி, நாம் நிற்கிற இந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அவர் சற்றும் யோசியாமல் தண்ணீர் என்றுதான் சொல்லுவார். எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் மணல், எந்த மணலில் நல்ல தண்ணீர், எதில் உப்புக் கரிக்கும் என்ற கணக்கையும் கூடவே ஒப்புவிப்பார். அது புத்தகத்தில் படித்த சாஸ்திரம் அன்று. கிணறு வெட்டியும், உறை இறக்கியும், போர் போட்டும், போட்ட போர் வற்றிப்போய்ப் பக்கத்திலேயே இன்னொன்று போட்டும் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்த ஞானம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் ஆழத் துளையிட்டபோது, இறைப்பாரின்றித் தானாகவே பொங்கி மேலே வந்த ஊற்றைக் கண்டு வியந்தார்கள். பாகூர்ப் பக்கம் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி அகப்பட்டது. ஆகவே பூமியின் அந்தரங்கம் எங்கள் பிரதேசத்தாருக்கு அவ்வளவு அந்நியமான விஷயம் அல்ல.

இத்தகைய அனுபவசாலி ஒருவர் சென்னைக்குப் பிரயாணப்பட்டு எழும்பூரில் இறங்கி, அங்கே தரைக்குக் கீழே இன்னொரு ரயில் நிலையம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால், அவர் மனத்தில் எழும் முதல் சந்தேகம் வண்டியின் வேகத்தைப் பற்றியோ டிக்கெட்டின் விலையைப் பற்றியோ இராது. "அவ்ளோ ஆழம் தோண்டி வச்சிருக்காங்களே தம்பி, தண்ணி ஊறாதா?" என்றுதான் கேட்பார். இதைப் பாமரக் கேள்வி என்று நகைக்கும் பட்டணத்துப் பிள்ளைகள் உண்டு. நான் நகைக்க மாட்டேன்; ஏனெனில் நிலத்தடி நிலையம் கட்டப் புகுந்த எந்தப் பொறியாளரும் முதன்முதலில் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுகிற கேள்வி அதுவே என்பதும், அந்த நிலையத்தின் சுவரும் தரையும் கனமும் செலவும் பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்கு அளிக்கப்பட்ட விடையாகவே அமைந்திருக்கின்றன என்பதும் சற்று விசாரித்துப் பார்ப்பவர் எவருக்கும் விளங்கிவிடும்.

எழும்பூர் எங்களுக்குப் புதிய இடம் அன்று. விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வரும் இருப்புப் பாதை 1879ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆங்கிலேயர் சீமையில் புறப்பட்டுப் பிரெஞ்சுக்காரர் சீமையில் போய் நின்ற அந்த மீட்டர் கேஜ் வண்டியில் ஏறி, விழுப்புரத்தில் மாறி, பட்டணம் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இறங்குமிடம் நெடுங்காலமாக எழும்பூராகவே இருந்து வந்தது. செம்மையும் வெண்மையுமாய் விளங்கும் அதன் முகப்பு மாளிகை, ஹென்றி இர்வின் முதலிய கட்டடக் கலைஞர்களின் திட்டப்படி, பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை என்ற கான்ட்ராக்டரால், சுமார் 17 லட்ச ரூபாய்ச் செலவில் எழுப்பப்பட்டு 1908இல் திறக்கப்பட்டது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 மே மாதத்தில் ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் எழும்பூரைத் தொட்டே சென்றது. இவ்வளவு கீர்த்தி பெற்ற நிலையத்துக்கு ஒரு தீராத குறை இருந்தது. தெற்கேயிருந்து வருகிறவர் இங்கே இறங்குவார். வடக்கேயோ மேற்கேயோ போகும் வண்டி சென்ட்ரலில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சிறிது தூரத்தைக் கடப்பதற்கு, ஒரு காலத்தில் குதிரை வண்டிக்காரரோடும், பிறகு ரிக்‌ஷாக்காரரோடும், அதன் பிறகு ஆட்டோக்காரரோடும் நடத்திய பேரங்களில் எத்தனை பேருடைய பிரயாண உற்சாகம் கரைந்து போயிருக்கும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

இன்று அந்தத் தூரம் மெட்ரோ ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம். சென்னை மெட்ரோவின் முதல் வண்டி 2015 ஜூன் 29ஆம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை ஓடிற்று. அது முழுவதும் தூண்களின்மேல் எழுப்பிய பாலத்தில் செல்லும் பாதை. சென்னை நகரத்தார் பூமிக்குள் பிரயாணம் செய்யத் தொடங்கியது 2017 மே 14ஆம் தேதி, திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரையுள்ள பகுதி திறக்கப்பட்டபொழுதுதான். அடுத்த ஆண்டு, 2018 மே 25ஆம் தேதி, நேரு பூங்காவிலிருந்து எழும்பூர் வழியாகச் சென்ட்ரல் வரை பாதை நீண்டது. 2019 பிப்ரவரியில் முதற்கட்டம் 45 கிலோமீட்டராக நிறைவுற்று, 2021 பிப்ரவரியில் வடக்கே விம்கோ நகர் வரை இன்னும் 9 கிலோமீட்டர் சேர்ந்தது. எழும்பூர் இருப்பது பச்சை வழித்தடத்தில். விமான நிலையத்துக்குச் செல்லும் நீல வழித்தடத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் சென்ட்ரலிலோ ஆலந்தூரிலோ மாறிக்கொள்ள வேண்டும். விமானமேறிப் பாரீஸுக்குப் போகிற எங்களூர்க் குடும்பங்கள் இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சென்னையில் நிலத்தடி நிலையத்தின் வாயிலை அணுகும்போது ஒரு விசித்திரத்தைக் காணலாம். கீழே இறங்க வந்தவரை, அது முதலில் சில படிகள் மேலே ஏறச் சொல்லுகிறது. தெருமட்டத்தைவிட வாயிலை உயர்த்தி வைத்திருப்பதன் காரணம் அலங்காரம் அன்று. ஐப்பசி கார்த்திகையில் தெருவில் முழங்கால் அளவு ஓடும் மழைநீர் படி வழியே உள்ளே புகுந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்ற முன்னெச்சரிக்கை. ஏரிக்கரையின் உயரத்தைக் கொண்டு அவ்வூர் கண்ட வெள்ளத்தை அளந்து சொல்லும் கண்ணுடையவர்களுக்கு இந்தப் படிகளின் நியாயம் ஒருவர் எடுத்துச் சொல்லாமலே புலப்படும்.

மேலிருந்து வரும் நீரைத் தடுப்பது எளிது. பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் வருகிற நீர்தான் சோதனை. சென்னை கடலோர நகரம். மழைக்காலத்தில் பல இடங்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர் கண்டுவிடும். எங்கள் பக்கத்து உறைக்கிணற்றை நினைத்துக்கொண்டு, அதன் தர்மத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் நிலத்தடி நிலையம் விளங்கிவிடும்: கிணற்றின் சுவர் மண்ணைத் தடுத்து நீரை உள்ளே விடுவதற்காகக் கட்டப்படுகிறது, நிலையத்தின் சுவரோ மண்ணையும் நீரையும் ஒருங்கே தடுத்து, மனிதரையும் காற்றையும் மட்டுமே உள்ளே அனுமதிப்பதற்காகக் கட்டப்படுகிறது.

அந்தச் சுவரை எழுப்புகிற முறை ஆச்சரியமானது. வீடு கட்டுகிறவர் பள்ளம் தோண்டிவிட்டுப் பிறகு சுவர் வைப்பார். இங்கே பள்ளத்துக்கு முன்பே சுவர் வந்துவிடுகிறது. நிலையம் அமையப்போகும் இடத்தைச் சுற்றிலும், ஓர் ஆள் புகமுடியாத குறுகலான அகழியைப் பகுதி பகுதியாக, மிகுந்த ஆழத்துக்கு யந்திரத்தால் தோண்டுகிறார்கள். தோண்டத் தோண்டவே அதில் பென்டோனைட் என்னும் ஒருவகைக் களிமண் கரைசலை நிரப்பிக்கொண்டே போகிறார்கள். அந்தக் கரைசலின் அழுத்தம் அகழியின் இரு பக்கமும் சரிந்து விழாமல் தாங்கிப் பிடிக்கிறது. பிறகு இரும்புக் கம்பிகளால் கட்டிய பெரிய கூட்டை அதற்குள் இறக்கி, நீண்ட குழாயை அடிவரை செலுத்தி, அதன் வழியாகக் கான்கிரீட்டைக் கீழிருந்து மேலாக நிரப்புகிறார்கள். கனத்த கான்கிரீட்டு அடியில் தங்க, கரைசல் மேலே ஒதுங்கி வெளியேறுகிறது. இவ்வாறு துண்டு துண்டாகச் சேர்ந்து நாற்புறமும் சுவர் பூமிக்குள்ளேயே நின்றபிறகுதான், நடுவிலுள்ள மண்ணை அள்ளத் தொடங்குகிறார்கள். நெரிசலான இடங்களில் இன்னும் ஒரு தந்திரம் உண்டு: முதலில் கூரையைப் போட்டு, அதன்மேல் தெருவை மறுபடி திறந்துவிட்டு, மேலே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, கீழே மண்ணெடுத்து ஒவ்வொரு தளமாக இறங்கிப் போவது. அஸ்திவாரம் முதலில், கூரை கடைசியில் என்று நாம் கொண்டிருந்த நம்பிக்கை அங்கே அடியோடு கவிழ்ந்துவிடுகிறது.

சுவர் கட்டியாயிற்று, தரையும் போட்டாயிற்று என்றால் ஜலத்தின் தொல்லை தீர்ந்துவிடுமா? தீராது. நீர் நிறைந்த மண்ணுக்குள் காற்றடைத்த பெரிய கான்கிரீட்டுப் பெட்டியை வைத்தால், நீர் அதை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளும். கப்பலை மிதக்க வைக்கிற அதே நியதிதான் இங்கும் வேலை செய்கிறது. பாகூருக்குத் தெற்கே, கடலூர் தாண்டி நெய்வேலியில் 1956இல் தொடங்கிய நிறுவனம் நிலக்கரி வெட்டப் புகுந்தபோது பட்ட பாட்டையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு கிளம்பிவிடாதபடி, அங்கே இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நகரத்துக்கு நடுவே அப்படி இறைத்துக்கொண்டே இருந்தால், அக்கம்பக்கத்து நிலம் அமுங்கி வீடுகளின் சுவரில் பிளவு காணும். ஆகையால் நிலையத்தின் தரையையும் கூரையையும் போதிய கனத்தோடு வார்த்தும், மேலே மண்ணைப் பரப்பியும், சில இடங்களில் ஆழப் பாய்ச்சிய தூண்களால் கீழே இழுத்துப் பிடித்தும், மிதக்கத் துடிக்கும் பெட்டியை இருந்த இடத்திலேயே இருத்துகிறார்கள். நிலையத்தின் கான்கிரீட்டு ஏன் அத்தனை தடிப்பு என்று கேட்பவர்கள், மேலே இருக்கும் தெருவின் பாரத்தைத் தாங்குவதற்கு என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கீழிருந்து வரும் நீரின் உந்துதலுக்கு எதிராக அழுந்தி உட்கார்ந்திருப்பதற்கும் அந்தக் கனம் வேண்டும்.

நிலையத்துக்கும் நிலையத்துக்கும் இடையே உள்ள சுரங்கப்பாதை வேறு விதமாகத் தோண்டப்பட்டது. அதற்குத் தெருவைக் கீறவில்லை. முகப்பில் சுழலும் சக்கரமும், சக்கரத்தில் பற்களும் கொண்ட உருளை வடிவான பெரிய யந்திரம், முன்னால் உள்ள மண்ணை அரைத்து, அரைத்த மண்ணையே தன் முகத்துக்கு எதிரே அழுத்தமாக வைத்துக்கொண்டு, எவ்வளவு முன்னேறுகிறதோ அவ்வளவு மண்ணை மட்டும் ஒரு திருகுக் குழாயின் வழியே பின்னால் தள்ளுகிறது. யந்திரம் சிறிது நகர்ந்ததும், அதன் வாலுக்குள்ளேயே கான்கிரீட்டு வில்லைகளைப் பொருத்தி முழு வளையமாக்கி, அந்த வளையத்தையே உதைப்பலகையாகக் கொண்டு மேலும் உந்திச் செல்லுகிறது. இப்படி வளையத்தின்பின் வளையமாகச் சேர்ந்த குழாய்தான் நாம் செல்லும் பாதை. சென்னையில் அதன் உள்விட்டம் சுமார் 5.8 மீட்டர். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியே 1843இல் திறக்கப்பட்ட சுரங்கத்துக்காக பிரூனெல் என்பவர் அமைத்த கேடயம்தான் இதற்கெல்லாம் மூதாதை; மரக்கலங்களைத் துளைக்கும் ஒரு கடற்புழு தன் வழியைத் தானே பூசிக்கொண்டு போவதைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை தோன்றிற்றாம்.

மண் ஒரே சீராக இருந்தால் யந்திரத்துக்குக் கஷ்டம் இல்லை. சென்னையிலோ ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் களி, இன்னோரிடத்தில் கடும்பாறை. சில இடங்களில் சக்கரத்தின் மேற்பாதிக்கு மண்ணும் கீழ்ப்பாதிக்குப் பாறையுமாக வாய்த்துவிடும். அழுத்தக் கணக்கு சற்றே பிசகினால் விளைவு தெருவில் தெரியும். 2017 ஏப்ரல் 9ஆம் தேதி அண்ணா சாலையில் திடீரென்று சாலை உள்வாங்க, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கி நின்றன. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பகுதியில் ஒப்பந்தக்காரர் பாதியில் விலகியதால் ஏற்கெனவே தாமதம் வேறு. எழும்பூர்ப் பகுதி திறந்து எட்டரை மாதம் கழித்தே அண்ணா சாலையின் அந்தப் பகுதிக்கு அடியில் வண்டி ஓடியதற்கு இவையெல்லாம் காரணம்.

நீருக்கு அடுத்தபடியாகக் காற்று. 1863 ஜனவரி 10ஆம் தேதி லண்டனில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடிய உலகின் முதல் நிலத்தடி ரயிலை இழுத்தது நீராவி எஞ்சின். பிரயாணிகள் இருமிக்கொண்டே போய் இருமிக்கொண்டே வந்தார்கள். 1890இல் மின்சார வண்டி வந்தபிறகுதான் ஆழத்தில் ஓடும் ரயில் சகிக்கத்தக்கதாயிற்று. புகை ஒழிந்தாலும் வெப்பம் ஒழியவில்லை. வண்டியின் மோட்டார், பிரேக், விளக்குகள், நூற்றுக்கணக்கான மனித உடல்கள் ஆகிய எல்லாவற்றின் உஷ்ணமும் போக்கிடம் இன்றி உள்ளேயே தங்கும். ஆகவே பெரிய விசிறிகள் வெளிக்காற்றை உள்ளே தள்ளி உட்காற்றை வெளியே இழுக்கின்றன; தெருவோரத்தில் ஜாலி வைத்த சதுரக் கட்டடங்களைக் கண்டு, இது யாருடைய வீடு என்று மயங்குகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: அவை அந்த மூச்சுக் குழல்களின் வாய்கள். தீ விபத்து நேர்ந்தால், ஜனங்கள் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் புகையைத் தள்ளுவதும் இவ்விசிறிகளின் கடமை. பிளாட்பாரத்தின் விளிம்பில் கண்ணாடிக் கதவுகள் வரிசையாக நிற்பதும், வண்டி வந்து நின்ற பிறகே அவை வண்டியின் கதவுகளோடு சேர்ந்து திறப்பதும், யாரும் தண்டவாளத்தில் விழாமல் இருப்பதற்காக மட்டும் அல்ல. நிலையத்தில் குளிர்வித்த காற்று சுரங்கத்துக்குள் ஓடி வீணாகாமல் இருப்பதற்காகவும்தான்.

இந்தியாவில் இக்காரியத்தைத் தொடங்கி வைத்த பெருமை கல்கத்தாவுக்கு உரியது. 1984 அக்டோபர் 24ஆம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் ஓடிய அந்த ரயிலுக்காக, அந்நகரத்தார் ஆண்டுக்கணக்கில் தெருக்களைத் திறந்து போட்டுக்கொண்டு பொறுமையின் எல்லையைத் தொட்டார்கள். எங்கள் பக்கத்தில் சில குடும்பங்களுக்கோ, கல்கத்தாவையும் சென்னையையும் முந்திக்கொண்டு, 1900 ஜூலையில் திறந்த பாரீஸ் மெட்ரோவே பழக்கமானது. புதுவை 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துவிட்டவர்களின் மக்கள் அங்கே வேலைக்குப் போக அதில்தான் ஏறுகிறார்கள். அந்தப் பாரீஸில், 1742 முதல் 1754 வரை புதுவையின் கவர்னராக இருந்த டூப்ளேயின் பெயரால் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் வட்டாரத்துக்கும் ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. வேடிக்கை என்னவெனில், பெரும்பாலும் பூமிக்குள்ளேயே ஓடும் அந்த ரயிலில், நமக்குச் சம்பந்தமுள்ள இந்த இரண்டு நிலையங்களும் ஆகாயத்தில் பாலத்தின்மேல் நிற்பவை.

எழும்பூருக்குத் திரும்புவோம். உள்ளே எல்லாம் செவ்வையாக இருக்கிறது. எஸ்கலேட்டர், லிஃப்ட், குளிர்ச்சி, சுத்தம் ஒன்றிலும் குறை சொல்வதற்கில்லை. கட்டணமும் குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய் என்ற அளவில் நிற்கிறது. ஆனால் இதைக் கட்டியவர்கள், கையில் கைப்பேசியும் தோளில் பையும் கொண்டு அலுவலகம் போகும் இளைஞரையே மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அரிசி மூட்டையும் பலாப்பழமுமாக மகள் வீட்டுக்குப் போகிற தாயார், பைகளைப் பரிசோதனை யந்திரத்தில் வைத்து எடுத்து, டிக்கெட்டின் கட்டத்தைக் கதவின் கண்ணில் காட்டி, எஸ்கலேட்டரின் முதல் படியில் எந்தக் காலை வைப்பது என்று திகைத்து நிற்கும்போது, பின்னால் வருகிறவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அவர் லிஃப்டைத் தேடுவதே உத்தமம். அது எங்கே என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். அதைவிட முக்கியமானது வெளியேறும் வாயில். பூமிக்குள் திசை தெரியாது. சூரியன் இல்லாத இடத்தில் கிழக்கு ஏது, மேற்கு ஏது? எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ கண் ஆஸ்பத்திரிக்கோ போகிறவர், எந்த வாயில் என்று கீழேயே விசாரித்துக்கொள்ளாமல் தோன்றிய படியில் ஏறினால், வாகனங்கள் இரையும் அகலமான சாலையின் அக்கரையில் போய் நிற்க நேரும்.

இத்தனை பிரயாசையும் இத்தனை திரவியமும் எதற்கு, பாலம் போட்டே ரயிலை விடக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிலத்தடிப் பாதைக்குப் பாலத்தைப்போலப் பல மடங்கு செலவாகும் என்பது உண்மையே. ஆனால் 1908ஆம் ஆண்டின் மாளிகைக்கும், அதைச் சுற்றி நெருங்கிய தெருக்களுக்கும் நடுவே தூண்களை எங்கே நாட்டுவது? எதை இடிப்பது? இடம் மலிவாக இருக்கும் திருமங்கலத்துக்கு அப்பால் பாதை தானாகவே மேலே ஏறிக் கோயம்பேட்டில் பாலமாகிவிடுகிறது என்பதைக் கவனித்தால், ஆழத்தை விரும்பி யாரும் தேடவில்லை, வேறு வழியில்லாத இடத்தில் மட்டுமே இறங்கினார்கள் என்பது தெரியும்.

இப்பொழுது இரண்டாம் கட்டமாக மூன்று வழித்தடங்களில் 118.9 கிலோமீட்டருக்கு வேலை நடக்கிறது. 63,246 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்தத் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை அனுமதி வழங்கியது. துளையிடும் யந்திரங்களுக்கு இம்முறை பெயரும் சூட்டியிருக்கிறார்கள். மாதவரம் பக்கத்து யந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை என்று மலைகளின் பெயர்கள்; கலங்கரை விளக்கத்திலும் பனகல் பூங்காவிலும் இறங்கியவற்றுக்கு ஃபிளமிங்கோ, கழுகு, மயில், பெலிகன் என்று பறவைகளின் பெயர்கள். பெலிகன் என்பது வேறொன்றும் அல்ல, எங்கள் ஊசுட்டேரியில் காணக் கிடைக்கும் கூழைக்கடாதான். வாழ்நாளில் ஒருநாளும் வானத்தைப் பார்க்காமல், தரைக்குக் கீழே சேற்றை விழுங்கிக்கொண்டு போகிற யந்திரத்துக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தவர் யாரோ, ஏரிக்கரையில் நின்று அப்பறவை அலகு நிறையச் சேற்றுமீனை அள்ளுவதைக் கண்டிருக்க வேண்டும்.